வைக்கோலும் பட்டு நூலும்
(கழிவிலிருந்து எரிசாராயம் - ஒரு பாடம்)

இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு



ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்கள் இரண்டு பொருள்களைச் சொல்வார்கள். ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. எங்கள் தெரு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கோடியில் தறிச் சத்தம், மறு கோடியில் அரிசி ஆலையின் புகைபோக்கி. வீட்டில் அப்பாவுக்குத் தறி, பெரியப்பாவுக்குச் சாயப்பட்டறை.

இந்தக் கட்டுரை பெரியப்பாவின் கண்ணில் ஆரம்பித்தது. முப்பது வருடமாக விறகு அடுப்பின் முன்னால் நின்று, கொதிக்கும் அண்டாவில் பட்டு நூலைக் கழியால் திருப்பித் திருப்பி, அவர் கண் இரண்டும் எப்போதும் சிவந்தே இருக்கும். இருமலும் சேர்ந்துகொண்டது. "புகையை விட்டுத் தள்ளி இருங்கன்னு டாக்டர் சொல்றாரு. அடுப்பை விட்டுத் தள்ளி நின்னா சாயம் எப்படிடா ஏறும்?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை கட்டியிருக்கிறது. 2022 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். செலவு 900 கோடி ரூபாய்க்கும் மேல். வருடத்துக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோல் உள்ளே போனால் சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் வெளியே வரும் என்பது திட்டம்.

எனக்கு உடனே பொறி தட்டியது. எரிசாராய அடுப்பு நீல நிறத்தில் எரியும், புகையே இருக்காது. வைக்கோல் நம்ம ஊரில் இல்லையா என்ன? பெரியப்பாவுக்கு வைக்கோல் சாராயத்தில் ஒரு அடுப்பு செய்து கொடுத்துவிடலாம்! இதுதான் என் எண்ணம். அது எந்த அளவுக்குச் சரி, எந்த அளவுக்குத் தப்பு என்பதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

வீட்டில் வந்த தடை

வீட்டில் சந்தோஷமாகச் சொன்னேன், "அம்மா, வைக்கோல்ல இருந்து சாராயம் எடுக்கப் போறோம்." அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். என் சின்ன மாமா சாராயத்தால் போனவர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தபோது, அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"இந்த வீட்டுல அந்தப் பேச்சே வேணாம்."

"அம்மா, இது குடிக்கிறதுக்கு இல்ல, எரிக்கிறதுக்கு."

"அதுவும் எரிச்சிட்டுத்தான் போச்சு" என்றார் அம்மா. அதற்கு மேல் நான் பேசவில்லை.

மறுநாள் எங்கள் வழிகாட்டி சாரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நிபந்தனை போட்டார். முதலாவது, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 ஆம் வருடத்தியது, உரிமம் இல்லாமல் சாராயம் தயாரிப்பது குற்றம், படிப்புக்காக என்றாலும் வடிக்கிற வேலை கூடாது. "சர்க்கரை வரைக்கும் போ, அங்கேயே நிறுத்து. அதுக்கு மேல புத்தகத்துல படிச்சுக்கோ." இரண்டாவது, அடுப்பைத் தொடுவதற்கு முன்னால் கணக்குப் போட வேண்டும். நண்பர்களே, இந்த இரண்டாவது நிபந்தனைதான் என் புராஜெக்டையே திருப்பிப் போட்டது.

எரிசாராயம் என்பது எது?

ஆல்கஹால் என்பது ஒரு குடும்பப் பெயர். அதில் நமக்கு வேண்டியது எத்தனால். அதன் மூலக்கூறில் இரண்டு கார்பன். இதன் தம்பி மெத்தனால், ஒரே ஒரு கார்பன். பார்வைக்கு இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் மெத்தனால் உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. ஆய்வுக்கூடத்தில் எந்தப் புட்டியையும் முகர்ந்து பார்த்து அடையாளம் சொல்ல முயலாதீர்கள். லேபிளைப் படியுங்கள்!

எத்தனால் சர்க்கரையிலிருந்து பிறக்கிறது. குளுக்கோஸை ஈஸ்ட் தின்று, பாதியை எத்தனாலாகவும் பாதியைக் கரியமில வாயுவாகவும் வெளியே விடுகிறது. 180 கிராம் குளுக்கோஸிலிருந்து 92 கிராம் எத்தனால், 88 கிராம் கரியமில வாயு. அதாவது எடையில் 51 சதவீதம்தான் எத்தனால். ஈஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இதற்கு மேல் தராது.

நம் மாநிலத்தில் எத்தனால் எடுக்கும் ஒரு வழி சர்க்கரை ஆலை மொலாசஸ். உடுமலைப்பேட்டை அருகே அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலையிலும், மோகனூரில் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலையிலும் வடிப்பாலை வைத்தது மொலாசஸை நம்பித்தான். மொலாசஸில் சர்க்கரை தயாராகவே இருக்கிறது. தண்ணீர் விட்டு ஈஸ்ட் போட்டால் வேலை முடிந்தது. ஒரு டன்னுக்குச் சுமார் 220 லிட்டருக்கு மேல் கிடைக்கும். இதை முதல் தலைமுறை எத்தனால் என்கிறார்கள். நொய்யரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றில் எடுப்பதும் இந்த வகைதான்.

வைக்கோல், கரும்புச் சக்கை, மூங்கில் இவற்றில் எடுப்பது இரண்டாம் தலைமுறை. சாப்பாட்டுப் பொருளைத் தொடாமல் மிச்சத்திலிருந்து எடுப்பதால் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் சிரமமும் அதிகம். ஏன்?

பட்டு அவிப்பதும் வைக்கோல் அவிப்பதும்

வைக்கோலை மென்று பாருங்கள், இனிக்காது. ஆனால் அதில் கிட்டத்தட்ட 35 முதல் 40 சதவீதம் செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. இன்னும் 20 முதல் 25 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ், அது வேறு சர்க்கரைகள் கலந்த மாலை. இந்த இரண்டையும் சுற்றி லிக்னின் என்ற பிசின் இறுகப் பிடித்திருக்கிறது. மீதியில் பெரும்பகுதி மணல் மாதிரி சிலிக்கா. வைக்கோல் கையைக் கீறுவது அதனால்தான்.

இதைப் புத்தகத்தில் மூன்று முறை படித்தும் எனக்கு மனதில் நிற்கவில்லை. சாயப்பட்டறையில் போய் நின்றபோதுதான் பளிச்சென்று புரிந்தது. நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கச்சாப் பட்டு நூல் மொடமொடவென்று இருக்கும், பளபளப்பு இருக்காது, சாயமும் சரியாக ஏறாது. காரணம், உள்ளே ஃபைப்ராயின் என்ற உண்மையான பட்டு இழை. அதைச் சுற்றி செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்தால் பசை கரைந்து போகும். அப்போதுதான் நூல் மெத்தென்று ஆகிச் சாயத்தைக் குடிக்கும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். பெரியப்பா நூலை வாங்கும்போதும் நிறுப்பார், அவித்த பிறகும் நிறுப்பார். கணக்கில் அந்தக் கால் பங்கைக் கழித்துத்தான் பேசுவார்.

வைக்கோலிலும் இதே கதைதான்! செரிசின் இருக்கும் இடத்தில் லிக்னின். ஃபைப்ராயின் இருக்கும் இடத்தில் செல்லுலோஸ். பசையை விலக்காமல் சாயம் ஏறாதது போல, லிக்னினை விலக்காமல் சர்க்கரை வராது. ஆலைகளில் இதை முன்பதப்படுத்தல் என்கிறார்கள். நீர்த்த அமிலம், காரம், அதிக அழுத்த நீராவி என்று பல வழி உண்டு. செலவின் பெரும்பங்கு இங்கேயும் அடுத்த படியிலும்தான் போகிறது.

"அப்போ பட்டுக் கழிவு நூல்லயே சாராயம் எடுக்கலாமேடா?" என்று வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. விடை, முடியாது. பட்டு ஒரு புரதம், முட்டையும் தலைமுடியும் போல. அதில் சர்க்கரை மாலை கிடையாது. பருத்தி நூல் அப்படியில்லை, அதில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். பட்டுச் சேலைக்குக் கிடைக்காத இந்தப் பெருமை லுங்கிக்குக் கிடைக்கிறது!

துணியைத் தின்ற பூஞ்சை

மாலையைக் கண்டுபிடித்தாயிற்று, மணிகளாக எப்படி அறுப்பது? 1819 ஆம் வருடம் பிரான்சில் ஹென்றி பிராக்கோனோ என்ற வேதியியலார் பழைய லினன் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து சர்க்கரை எடுத்துக் காட்டினார். கந்தலிலிருந்து சர்க்கரை! ஆனால் அமிலம் கொஞ்சம் அதிகமானால் வந்த சர்க்கரையையும் கெடுத்துவிடும், பாத்திரத்தையும் தின்றுவிடும்.

இரண்டாவது வழி இரண்டாம் உலகப் போரில் கிடைத்தது. பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் மளமளவென்று மக்கிப் போயின. என்ன காரணம் என்று தேடியபோது ஒரு பச்சைப் பூஞ்சை அகப்பட்டது. அது செல்லுலேஸ் என்ற என்சைமைச் சுரந்து பருத்தியைச் சர்க்கரையாக அறுத்துத் தின்றுகொண்டிருந்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவர் பெயரால் அதற்கு ட்ரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வந்தது. அன்று ராணுவத்துக்கு எதிரியாக இருந்த பூஞ்சைதான் இன்று எரிசாராய ஆலைக்கு வேலைக்காரன். அதன் என்சைம் 50 டிகிரி வெப்பத்தில், லேசான புளிப்பில், அதாவது பி.எச். 5க்குப் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். சூடு அதிகமானால் செயலிழந்து போகும்.

எங்கள் மூன்று சோதனைக் குழாய்கள்

என்சைமுக்கு எங்கே போவது? விலை விசாரித்து மலைத்துப் போனோம். அப்போதுதான் திருப்பூர் சாய ஆலையில் வேலை பார்க்கும் எங்கள் சீனியர் அண்ணன் ஞாபகம் வந்தது. பனியன் துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுத் துணுக்கை நீக்க அங்கே பயோபாலிஷ் என்று ஒரு வேலை செய்கிறார்கள். அதற்குப் போடுவது இதே செல்லுலேஸ்தான். தீபாவளிக்கு வந்தபோது ஒரு சின்னப் புட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைக்கோலை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கினோம். 100 கிராம் எடுத்து, நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு மணி நேரம் அவித்தோம். (கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சாரே பக்கத்தில் நின்றார்.) கஷாயம் மாதிரி பழுப்புத் தண்ணீர் இறங்கியது. அதுதான் கரைந்த லிக்னின். நன்றாக அலசி, உலர்த்தி நிறுத்தபோது 60 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பெரியப்பாவின் தராசுப் பாடம் இங்கேயும் செல்லும்.

பிறகு மூன்று சோதனைக் குழாய்கள் வைத்தோம்.

முதல் குழாய்: அவிக்காத வைக்கோல், என்சைம்.
இரண்டாம் குழாய்: அவித்த வைக்கோல், என்சைம்.
மூன்றாம் குழாய்: என்சைம் மட்டும்.

மூன்றாவது எதற்கு என்று நானும் கேட்டேன். "புட்டியிலேயே சர்க்கரை கலந்திருந்தா? வைக்கோல் குடுத்துச்சுன்னு நீ ஊரைக் கூட்டிடுவியே!" என்றார் சார். மூன்றிலும் எலுமிச்சை உப்பு கொஞ்சம் போட்டு, பி.எச். தாளில் பார்த்துச் சரிசெய்தோம். 50 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, மறுநாள் வடிகட்டி, பெனடிக்ட் கரைசல் சேர்த்துச் சூடாக்கினோம்.

மூன்றாம் குழாய் நீலமாகவே இருந்தது. முதல் குழாய் பச்சையாக மாறியது, சர்க்கரை ஏதோ கொஞ்சம். இரண்டாம் குழாய் செங்கல் சிவப்பு! அவித்த வைக்கோலில்தான் சர்க்கரை என்று கண்ணெதிரே தெரிந்தது. அன்று ஆய்வுக்கூடத்தில் நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு மேடம் வந்து எட்டிப் பார்த்தார்.

சொன்னபடி அங்கேயே நிறுத்தினோம்.

சர்க்கரைக்கு அப்புறம்

மீதியைப் புத்தகத்திலிருந்து சொல்கிறேன். ஈஸ்ட் 30 டிகிரிக்குப் பக்கத்தில் சுகமாக இருக்கும். செல்லுலோஸ் தரும் குளுக்கோஸ் ஆறு கார்பன் சர்க்கரை. அதை எந்த ஈஸ்டும் விரும்பித் தின்னும். ஹெமிசெல்லுலோஸ் பெரும்பாலும் தருவது சைலோஸ், அது ஐந்து கார்பன் சர்க்கரை. சாதாரண ரொட்டி ஈஸ்ட் அதைத் தொடாது. அதற்கென்று மாற்றியமைத்த ஈஸ்ட் வேண்டும். இல்லையென்றால் வைக்கோலின் ஒரு பெரிய பங்கு வீணாகும்.

புளித்த கரைசலில் தண்ணீர்தான் அதிகம். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும் என்பதால் காய்ச்சி வடித்துப் பிரிக்கலாம். ஆனால் எடையில் 95.6 சதவீதம் வந்ததும் வடித்தல் நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தே ஆவியாகும். பெட்ரோலில் கலக்க இது போதாது. தண்ணீர் இருந்தால் டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நின்று வண்டியை நிறுத்திவிடும். ஆகவே மூலக்கூறு சல்லடை என்ற மணிகளின் வழியே அனுப்புகிறார்கள். அதன் துளைக்குள் தண்ணீர் மூலக்கூறு நுழைந்து மாட்டிக்கொள்ளும், எத்தனால் நுழைய முடியாமல் வெளியே வரும்.

நம் நாட்டில் 2003 ஜனவரியில் சில மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் என்று ஆரம்பித்தார்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. 2018ல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2022 ஜூனில் 10 சதவீதம், 2025ல் 20 சதவீதம் என்று வளர்ந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் சுமார் 21தான். ஆகவே 20 சதவீதம் கலந்த ஒரு லிட்டரில் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறைவு. அதே சமயம் எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம், எஞ்சின் தட்டாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த 20 சதவீதமும் ஏறக்குறைய முழுக்க முழுக்கக் கரும்பிலும் தானியத்திலும் வந்தது. வைக்கோலின் பங்கு இன்னும் மிகச் சிறியது.

கணக்கு சொன்ன கதை

இப்போது சாரின் இரண்டாவது நிபந்தனை. 38 சதவீதம் செல்லுலோஸ் என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது.

1 டன் வைக்கோலில் செல்லுலோஸ்: 380 கிலோ.
நீர் சேர்ந்து குளுக்கோஸ் ஆகும்போது 1.11 மடங்கு: சுமார் 422 கிலோ.
அதில் 51 சதவீதம் எத்தனால்: சுமார் 215 கிலோ.
அடர்த்தி 0.789ஆல் வகுத்தால்: சுமார் 273 லிட்டர்.

இது காகிதத்தில். பானிப்பட் ஆலையின் திட்ட அளவை வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 150 லிட்டர். பெரிய ஆலையே அவ்வளவுதான் எதிர்பார்க்கிறது. சரி, 150 என்றே வைத்துக்கொண்டேன்.

150 லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் 150 பெருக்கல் 21, அதாவது 3,150 மெகாஜூல். அதே 1 டன் வைக்கோலை அப்படியே எரித்தால் கிலோவுக்குச் சுமார் 14 வீதம் 14,000 மெகாஜூல். நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை! எனக்கு முகம் சுண்டிவிட்டது.

சார் விடவில்லை. "வாய் திறந்த அடுப்புல எரிச்சா பாதிக்கு மேல காத்துலதானே போகுது? அதையும் கணக்குல சேர்." சேர்த்தேன்.

திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கு சூடு அண்டாவுக்குப் போகிறது என்றால்: 1,400 மெகாஜூல்.
எரிசாராய அடுப்பில் பாதி போகிறது என்றால்: 1,575 மெகாஜூல்.
சுவரும் புகைபோக்கியும் சரியாக வைத்த அடுப்பில் கால் பங்கு போகிறது என்றால்: 3,500 மெகாஜூல்.

பாருங்கள் நண்பர்களே! அமிலம், என்சைம், ஈஸ்ட், வடிகலன் என்று அத்தனை சிரமப்பட்டு வைக்கோலைச் சாராயமாக்கினாலும், பெரியப்பாவின் அண்டாவுக்குப் பழைய அடுப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம் கிடைக்கும். எரிபொருளை மாற்றாமல் அடுப்பை மட்டும் மாற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். நோய் எரிபொருளில் இல்லை, அடுப்பில் இருந்தது.

அப்படியானால் பானிப்பட் ஆலை வீணா? இல்லை. அண்டாவுக்கு வேண்டியது சூடு, அது எதில் வந்தாலும் சரி. வண்டிக்கு வேண்டியது திரவம். டேங்கில் வைக்கோலைத் திணிக்க முடியாது. திரவமாக்குவதற்குக் கொடுக்கும் விலைதான் அந்த முக்கால் பங்கு. அதுவும் முழுக்க வீணாவதில்லை. மிஞ்சும் லிக்னினை எரித்தே ஆலைக்கு வேண்டிய நீராவியை எடுக்கலாம்.

எது கழிவு?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பஞ்சாப், அரியானாவில் நெல் அறுத்த கையோடு இரண்டு மூன்று வாரத்துக்குள் கோதுமை விதைக்க வேண்டும். அறுவடை இயந்திரம் விட்டுப்போன வைக்கோலை அள்ள நேரம் இல்லை, ஆகவே தீ வைக்கிறார்கள். டெல்லி வரை புகை போகிறது. அங்கே வைக்கோலைக் காசு கொடுத்து வாங்கி ஆலைக்கு அனுப்பினால் வயலும் பிழைக்கும், காற்றும் பிழைக்கும்.

நம்ம பக்கம் என்ன நிலைமை? வைக்கோல் மாட்டுத் தீவனம். இயந்திரம் கட்டிய உருளைக் கட்டுகள் லாரி ஏறிப் போவதைத் தினமும் பார்க்கிறோம். பானிப்பட் மாதிரி ஒரு ஆலை இங்கே வந்தால் ஒரு நாளைக்கு 550 டன் வேண்டும். லாரிக்கு 5 டன் என்றாலும் தினம் 110 லாரி. ஏக்கருக்கு 2 டன் என்றால் வருடத்துக்கு 1 லட்சம் ஏக்கர் வைக்கோல். பிறகு மாடு எதைத் தின்னும்?

சரி, உமி? ஆரணி அரிசி ஆலைகளில் உமிக்குக் குறைவில்லை. ஆனால் அதில் லிக்னினும் சிலிக்காவும் அதிகம். எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் நிற்கும். சர்க்கரை எடுக்க அது மோசமான பொருள், சூடு எடுக்க நல்ல பொருள். ஆலைக்காரர்கள் நெல் அவிக்கும் பாய்லரில் அதைத்தான் போடுகிறார்கள். செய்யாறு பக்கத்துக் கரும்புச் சக்கையும் சர்க்கரை ஆலையின் பாய்லருக்கே போகிறது. ஆகவே ஒரு பொருளைக் கழிவு என்று எழுதுவதற்கு முன்னால், அதை இப்போது யார் உபயோகிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நான் அதை விசாரிக்காமல்தான் ஆரம்பித்தேன்.

பெரியப்பாவின் அடுப்பு

புராஜெக்டின் பெயரை மாற்றினோம். பழைய காலத்து உமி அடுப்பை அடிப்படையாக வைத்துக்கொண்டோம். ஒர்க்ஷாப்பில் இரும்புத் தட்டி ஒன்று செய்து, அடியில் காற்று போக வழி விட்டு, அண்டாவைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பி, கூரைக்கு மேலே போகும்படி புகைபோக்கி வைத்தோம். முதல் நாள் உமி புகைந்ததே தவிர எரியவில்லை. காற்று வழி சிறிது. தட்டியை இன்னும் நான்கு விரற்கடை உயர்த்தினோம். பிறகு பிடித்தது.

பெரியப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிட்டம் நூலை அவித்துப் பார்த்தார், நிறுத்துப் பார்த்தார். "புகை போற வழிய காட்டிட்ட. சாம்பல் அள்ளற வழியையும் சொல்லிடு" என்றார். உண்மைதான். உமிச் சாம்பல் நிறைய வருகிறது, மழைக்காலத்தில் ஈர உமி இன்னும் அடம் பிடிக்கிறது. இது அடுத்த வருடத் தம்பிகளுக்கு நான் விட்டுப்போகும் வேலை. அவர் கண் முழுக்கத் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் அண்டா முன்னால் நிற்கும்போது துண்டால் முகத்தை மூடிக்கொள்வதில்லை.

புராஜெக்ட் கண்காட்சி நாளில் அம்மாவும் வந்தார். மூன்று குழாயையும் காட்டி, சிவப்பாக இருப்பதுதான் சர்க்கரை, சாராயம் வரைக்கும் போகவில்லை என்று சொன்னேன். அம்மா குனிந்து பார்த்தார்.

"வைக்கோல்ல இவ்ளோ சர்க்கரையா இருக்கு? அதான் மாடு பால் கறக்குது."

சார் கைதட்டிவிட்டார். நண்பர்களே, அம்மா பத்தாவது தாண்டாதவர். ஆனால் சொன்னது அறிவியல் உண்மை. மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இதே செல்லுலேஸைச் சுரந்து, 39 டிகிரி சூட்டில் வைக்கோலை அறுத்து மாட்டுக்கு ஆகாரமாக்குகின்றன. 900 கோடி ரூபாய் ஆலை செய்யும் முதல் பாதி வேலையை நம் தெருவில் மாடு அசைபோட்டுக்கொண்டே செய்கிறது!

முடிவுரை

வைக்கோலிலிருந்து எரிசாராயம் என்பது உண்மையான தொழில்நுட்பம், வளர வேண்டிய தொழில்நுட்பம். நம்மில் யாராவது நாளை அப்படி ஒரு ஆலையில் வேலைக்குப் போகலாம். விலை குறைந்த என்சைமும், ஐந்து கார்பன் சர்க்கரையைத் தின்னும் நல்ல ஈஸ்டும், குறைந்த செலவில் லிக்னினைப் பிரிக்கும் வழியும் இன்னும் தேவைப்படுகின்றன. ஆனால் எந்த இயந்திரத்தையும் வரைவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நமக்கு வேண்டியது சூடா, திரவமா? நாம் எடுக்கப்போகும் கழிவு யாருக்காவது ஆகாரமா? இப்போது இருக்கும் அடுப்பே சரியாக எரிகிறதா?

இந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுத்த எங்கள் சாருக்கும், தராசை மறக்காத பெரியப்பாவுக்கும், அன்று கரண்டியைக் கீழே வைத்த என் அம்மாவுக்கும் இக்கட்டுரையைக் காணிக்கையாக்குகிறேன்.

கற்போம்! கணக்கிடுவோம்! பிறகு கட்டுவோம்!